மிக்கேல்பட்டி மெம்பரின் வலது கை

1887ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, பகல் பதினொன்றே கால் மணிக்கு, கோட்டைமேட்டுத் தாலுகா போர்டு கூட்டத்தில் மிக்கேல்பட்டி மெம்பர் ஞானதுரை ஒரு தீர்மானத்தை ஆதரித்து வலது கையைத் தூக்கினார். அந்தக் கை அதற்குப் பிறகு இறங்கவில்லை. தீர்மானம், கூட்ட அறையில் ஒரு பங்கா, அதாவது ஆள் கயிறு பிடித்து இழுக்கும் கூரை விசிறி, மாட்டுவது பற்றியது. ஒன்பது மெம்பர்களும் கை தூக்கினார்கள். குமாஸ்தா எண்ணி எழுதினார். எட்டுப் பேர் கையை இறக்கி வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்கள். ஞானதுரையும் இறக்கப் பார்த்தார். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. விரல்கள் மடங்கின, மணிக்கட்டு சுழன்றது, கீழே வர மட்டும் கைக்குச் சம்மதமில்லை. புதிய மெம்பருக்கு ஆர்வம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்த தலைவர், வெள்ளைக்காரத் துரை, வண்டி வரியை உயர்த்தும் அடுத்த தீர்மானத்தையும் கையோடு எடுத்துக்கொண்டார். ஒரு கை முன்பே மேலே இருப்பதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் பதினான்கு தீர்மானங்கள் எதிர்ப்பில்லாமல் நிறைவேறின. அப்படி ஒரு கூட்டம் அந்தத் தாலுகாவில் அதற்கு முன் நடந்ததில்லை.

மிக்கேல்பட்டிக்காரர்கள் அவரை அனுப்பியது பங்காவுக்காக அல்ல. சுருளியாற்றுக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில், தென்னையும் நெல்லுமாக நூற்றிருபது வீடுகள். பாதி வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவர்களின் வீடுகள், பாதி அம்மாவாசி கவுண்டர் என்பவருடைய வகையறா. சந்தை, வண்டிப்பாதை, மருத்துவச்சி எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காமயகவுண்டன்பட்டியில். நடுவில் சுருளியாண்டி என்பவருடைய பரிசல் ஒன்றுதான் வழி. ஐப்பசியில் ஆறு பெருகினால் அதுவும் இல்லை. ஒரு பாலம் வேண்டும் என்பதைத் தவிர அந்த ஊருக்கு வேறு ஆசை கிடையாது. போர்டில் ஒரு கிறிஸ்தவர் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்காவது வரை படித்தவர், இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்று ஞானதுரையைச் சொன்னார்கள். அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. வாய்க்கால் தகராறில் அண்ணன் வந்து முறையிட்டால் அண்ணன் சொல்வது நியாயம் என்பார். தம்பி வந்தால் தம்பி சொல்வதும் நியாயம் என்பார். யாருடைய மனமும் அவரால் நொந்ததில்லை. மேலிடத்துக்கு அந்தக் குணம்தான் பிடித்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

இருபத்திரண்டு மைல் கூண்டு வண்டியில் கை உள்ளே அடங்காமல், கூரைப் பாயை விலக்கி மேலே நீட்டியபடி அவர் ஊர் வந்து சேர்ந்தார். தூரத்திலிருந்தே தூக்கிய கையைப் பார்த்தவர்கள் பாலம் கிடைத்துவிட்டது என்று வெடி போட்டார்கள். அவருடைய மனைவி மதலேனாள் மட்டும் வெடிச் சத்தம் அடங்கும்வரை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, கையக் கீழ விடுங்க. இங்கன யாருக்குச் சலாம் போடுறீக?"

"விட முடியல மதலேனா."

"பாலம் என்னாச்சு?"

"இந்தத் தடவை பங்காதான் வந்துச்சு."

"ஊருல இம்புட்டுக் காத்து அடிக்குது, பங்கா வாங்கவா ஒங்கள அனுப்புனாக?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஜெயமங்கலத்திலிருந்து வர்ம வைத்தியர் வந்தார். மூன்று நாள் எண்ணெய் பிடித்தார். நான்காம் நாள் மணிக்கட்டில் உறி கட்டி அம்மிக்கல்லைத் தொங்கவிட்டார். அம்மி ஆடியதே தவிரக் கை ஒரு நூல்கூடத் தாழவில்லை. இது வியாதி இல்லை, உத்தியோகம் என்று சொல்லிவிட்டு வைத்தியர் தன் பெட்டியை மூடினார். தையல்காரர் வலது சட்டைக் கையை மேல்நோக்கித் தைக்கப் பழகினார். இடது கையால் சாப்பிடுவது அழகில்லை என்பதால் மதலேனாளே சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். மூன்று வேளையும் அவள் முன்னால் குழந்தைபோல வாய் திறந்து உட்கார்ந்திருப்பதுதான், பின்னாளில் அவர் நினைத்துப் பார்த்தபோது, மெம்பர் வேலையில் அவருக்குக் கிடைத்த ஒரே சுகமாக இருந்தது. கோவிலில் வேறு சிக்கல். பூசையின்போது கிழவிகள் அந்தக் கைக்குக் கீழே மண்டியிட்டு ஆசி வாங்கிக்கொண்டு போனார்கள். பங்குச் சுவாமியார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் மெம்பர் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

போர்டுக்கோ அந்தக் கை வராது வந்த வரமாக ஆயிற்று. குமாஸ்தா கூட்டத்துக்கு முந்தின நாளே 'ஞானதுரை ஆமோதித்தார்' என்று எல்லாத் தீர்மானத்துக்கும் கீழே எழுதி வைத்துவிடுவார். மலையில் பெரிய அணை வேலை தொடங்கி, பள்ளத்தாக்கு வழியாக வண்டிகள் சாரிசாரியாகப் போன வருஷங்கள் அவை. சுங்கச்சாவடி வைத்தார்கள், கை தூக்கியிருந்தது. சாவடிக்குப் பக்கத்தில் இன்னொரு சாவடி வைத்தார்கள், அப்போதும் தூக்கியிருந்தது. காலரா மருந்துப் பெட்டியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். துரையின் குதிரை செத்ததற்கு அனுதாபம் தெரிவித்தார்கள். 1890இல் அவரை மறுபடியும் நியமித்தார்கள்; 1893இல் நியமனக் கடிதத்தோடு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது, 'மனம் மாறாத பொறுப்பாளர்' என்று. ஒரு தடவை பக்கத்துத் தாலுகா போர்டில் ஒரு ஓட்டுக் குறைந்தபோது, அவரை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு வண்டி அனுப்பினார்கள். போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். என்ன தீர்மானம் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பாலத்தைப் பற்றி அவர் பேச நினைக்காமல் இல்லை. போர்டு விதிப்படி, பேச விரும்புகிற மெம்பர் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். ஞானதுரையின் கை எப்போதும் மேலேயே இருந்ததால் அவர் எப்போது அனுமதி கேட்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு தடவை எழுந்து நின்றார். உங்கள் ஆதரவு தெரிந்ததுதானே, உட்காருங்கள் என்றார் உபதலைவர் சுயம்புலிங்கம். மூன்றாவது தடவை அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. கேட்டு மறுத்தார்கள் என்றால் ஊருக்கு முகம் காட்ட வேண்டும். கேட்கவே வழியில்லை என்றால் யார் குற்றம்? சந்தைத் தெருவில் அவர் கை தெரிந்ததும் சாவடிச் சேவகர்கள் எழுந்து நின்றார்கள். அதை அவர் விரும்பவில்லை என்று சொல்ல முடியாது.

இந்தச் சுயம்புலிங்கம், ஆற்றின் கீழ்ப்போக்கில் ஆறு மைல் தள்ளி முன்னூறு ஏக்கர் வைத்திருந்த மிராசுதார். சாந்தமான மனுஷர். எதையும் தனக்கென்று கேட்கமாட்டார், தாலுகாவுக்கு என்றுதான் கேட்பார். 1892இல், கரையோர மரங்களின் வேர் ஆற்றுக்குக் கெடுதல் என்று அவர் எடுத்துச் சொன்னதன்பேரில், மிக்கேல்பட்டிக் கரையிலிருந்த மருதமரங்கள் பதினெட்டும் ஏலம் விடப்பட்டன. ஏலத்துக்கு அவருடைய மைத்துனர் ஒருவர்தான் வந்திருந்தார். 1894 ஆடியில் அவர் இன்னொன்றும் எடுத்துச் சொன்னார்: சுருளியாற்றுக்கு ஒரு பாலம் கட்டாயம் தேவை. ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலம் அமைய வேண்டிய இடம் என்று குமாஸ்தா வாசித்தது மிராசுதாரின் களத்துமேட்டுக்கும் அவருடைய நெல் கிட்டங்கிக்கும் நடுவிலிருந்த துறையை. இனிப் பரிசல் அவசியமில்லாததால் மிக்கேல்பட்டிப் பரிசல் துறை மூடப்படும், பரிசலைப் போர்டு எடுத்துக்கொள்ளும் என்பது தீர்மானத்தின் இரண்டாம் பாகம்.

ஞானதுரை எழுந்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அனுமதி இல்லாமல், "வேண்டாங்க" என்றார். 

"மெம்பர் கை ஆதரவாக இருக்கிறதே?" என்றார் சுயம்புலிங்கம், வருத்தமான குரலில்.

"கை சொல்றத விடுங்க. வாய் சொல்றேன், வேண்டாம்."

துரை சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். ஓட்டுக் கையால் எடுக்கப்படும் என்றுதான் அதில் இருந்தது; வாயைப் பற்றி ஒன்றுமில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவர் சொன்ன வார்த்தையைக் குமாஸ்தா விட்டுவிடவில்லை. குறிப்பேட்டில் 'மிக்கேல்பட்டி மெம்பர் இருமினார்' என்று எழுதிக்கொண்டார்.

மறுவாரம் போர்டுச் சேவகர்கள் வந்து பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். சுருளியாண்டி அவர்களைத் தடுக்கவில்லை. நேரே மெம்பர் வீட்டு வாசலுக்கு வந்து, துடுப்பை மட்டும் அவர் காலடியில் போட்டார். "இதையும் குடுத்துருங்க மெம்பரய்யா. மறந்துட்டுப் போயிட்டாக" என்றார். அன்று மத்தியானம் மதலேனாள் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துகொண்டாள். ஞானதுரை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஊரு தொறைய மூடத் தெரிஞ்ச கைக்குச் சோறு அள்ளத் தெரியாதா? எறங்கட்டும், திங்கட்டும்" என்றாள் அவள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன் மதலேனா. சத்தியமாச் சொன்னேன்."

"ஏழு வருசம் கழிச்சுச் சொன்னீக."

அதன் பிறகு அவர் இடது கையால் சாப்பிட்டார். கொல்லைப்புறத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஐப்பசி வரையில் மூன்று மாதமும் ஊரில் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. எதிரே வந்தால் விலகி, அவருடைய கை நிழல் மேலே படாமல் நடந்தார்கள். மெம்பர் நாற்காலியில் கிடைக்காத ஞானம் ஒன்று அவருக்கு அந்தக் கொல்லைப்புறத்தில் கிடைத்தது. கை தூக்கிய அந்தத் திங்கட்கிழமை, தனக்குப் பங்காவில் விருப்பமா இல்லையா என்று தான் யோசிக்கவே இல்லை என்பது. பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், அதனால் தூக்கினார்.

ஐப்பசி பத்தாம் தேதி ஆறு பெருகியது. மலையில் மூன்று நாள் மழை. மரமும் மாட்டுக் கொட்டகைக் கூரையும் மிதந்து போயின. பதிமூன்றாம் தேதி காலையில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவர்களுடைய ஒரே மகள் ரோசம்மாளுக்கு வலி கண்டது. உச்சிப்பொழுதாகியும் பிள்ளை வரவில்லை. தலைக்குப் பதில் கால் திரும்பியிருக்கிறது என்று உள்ளூர்ப் பெண்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைத் திருப்பி எடுக்கத் தெரிந்தவள் அந்த வட்டாரத்தில் மொக்கம்மாள் ஒருத்திதான், அவள் இருந்தது அக்கரையில். செய்தி சொல்ல இக்கரையிலிருந்து முரசு அடித்தார்கள். மொக்கம்மாள் வந்து அக்கரையில் நின்றாள், எழுபது வயதில் இடுப்பில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. நடுவில் ஆறு ஓடியது. மிராசுதார் துறையில் பாலத்துக்குக் கல்கூட இறக்கவில்லை.

மதலேனாள் சுருளியாண்டி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் எழுந்து வந்தார். கோவில் சப்பரம் இழுக்கிற வடத்தை எடுத்து வந்தார்கள். அதன் நுனியில் கட்டிய நூல் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் ஆற்றில் விழுந்தார். மூன்று இடத்தில் முங்கி, கால் மைல் கீழே அடித்துப் போய்க் கரையேறி, நடந்து வந்து வடத்தை இழுத்து அக்கரை மருதமரத்தில் கட்டினார். இக்கரையில் கட்ட மரம் இல்லை. பதினெட்டு அடிமரங்களும் மண்ணோடு மட்டமாக அறுக்கப்பட்டிருந்தன. முளைக்குச்சி அடித்தார்கள், ஈரமணல் அதைக் கக்கிவிட்டது. இருபது பேர் வடத்தைப் பிடித்தார்கள், வெள்ளம் இருபது பேரையும் இழுத்தது. ஞானதுரை கொஞ்சம் தள்ளி, யாரும் கூப்பிடாததால், நனைந்துகொண்டு நின்றார். மதலேனாள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு வடத்தின் தலைப்பைத் தோளில் போட்டு இழுத்து வந்து, அவருடைய வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இந்தக் கை யார் யாருக்கோ நின்னுச்சு. இன்னைக்கு ஒங்க மகளுக்கு நிக்கட்டும்."

"நிக்கும்" என்றார் அவர்.

அக்கரையில் ஒரு பெரிய அண்டாவை வடத்தில் கோத்து, அதற்குள் மொக்கம்மாளை உட்கார வைத்துச் சுருளியாண்டி தள்ளிக்கொண்டு இறங்கினார். நடு ஆற்றில் ஒரு வேரோடு பெயர்ந்த இலவமரம் வந்து வடத்தில் மோதியது. கரையில் ஞானதுரையின் காலடி மண் அப்படியே சரிந்து ஆற்றோடு போயிற்று. கை போகவில்லை. அது காற்றில், நின்ற இடத்தில் நின்றது; மெம்பர் அதன் கீழே, கொடியில் போட்ட வேட்டிபோலத் தொங்கினார். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இலவமரம் புரண்டு விலகிப் போனது. அண்டா கரை தட்டியது. மொக்கம்மாள் இறங்கி, தொங்கிக்கொண்டிருந்தவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏலே ஞானதுரை, ஒங்காத்தாளுக்கு ஒன்னிய எடுத்ததும் நாந்தான். அப்பவும் மொதல்ல கையத்தான் நீட்டிக்கிட்டு வந்த" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து ஓட்டமாக நடந்தாள்.

நான்கு மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். ஆறு வடிய ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் வடத்தை அவிழ்க்க ஊர் சம்மதிக்கவில்லை. ஒரு காய்ச்சல்காரரும், உப்பும், ஒரு கல்யாண மாப்பிள்ளையும் அந்த வடத்தைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஞானதுரையின் காலுக்குக் கீழே கல் அடுக்கி மேடை கட்டினார்கள், தலைக்கு மேலே ஓலை வேய்ந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே மதலேனாள் தூக்குச் சட்டியோடு வந்து மேடையில் ஏறினாள். சோற்றைப் பிசைந்தாள். அவர் வாயைத் திறக்கத் தயங்கினார். "ஆறிப்போகுது" என்றாள். ஊரே ஆற்றங்கரையில் நின்று பார்க்க, அவர் மூன்று மாதம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வெள்ளம் வடிந்தும் ஊர் அவரை விடவில்லை. புதுப் பரிசல் ஒன்று முடைந்து வடத்தில் கோத்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மெம்பர் மேடையில் நிற்பார். மற்ற நேரம் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். கோட்டைமேட்டுக்குச் செய்தி எட்டியதும் ஓவர்சீயர் வந்தார். சங்கிலி பிடித்து ஆற்றின் அகலத்தை அளந்தார். ஞானதுரையின் உயரம், கையின் நீளம், மணிக்கட்டின் சுற்றளவு எல்லாவற்றையும் அளந்தார். 1895 தையில் கூடிய கூட்டத்தில் உபதலைவர் சுயம்புலிங்கம் எழுந்து, மிக்கேல்பட்டியில் ஏற்கெனவே ஒரு பாலம் இருப்பதாக ஓவர்சீயர் அறிக்கையிலிருந்து தெரிவதால், அதைப் போர்டின் சொத்தாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றும், அந்த ஊர்க்காரர்கள் பாலம் கேட்டு இனி மனுப் போடத் தேவையில்லை என்றும் சொன்னார். பாலமாக இருப்பவர் மெம்பராகவும் இருக்கலாமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார் துரை.

ஞானதுரை இந்தத் தடவை இருமவில்லை. எதிர்ப்பைக் காட்ட இடது கையைத் தூக்கினார், நன்றாக, தலைக்கு மேலே. குமாஸ்தா இரண்டு கையையும் எண்ணினார். மெம்பர்கள் ஒன்பது, ஆதரவு பத்து, எதிர்ப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார். இடது கை இறங்கியது. அதே கையால் அவர் தன் முன்னால் இருந்த மைக்கூட்டை எடுத்துக் குறிப்பேட்டின்மீது கவிழ்த்துவிட்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் வெளியே வந்து வண்டியேறினார். அதற்குப் பிறகு அவர் கோட்டைமேட்டுக்குப் போகவில்லை. போகாதது போர்டுக்குக் குறையாகவும் படவில்லை. கை எப்படியும் தூக்கியே இருக்கும் என்று தெரிந்ததால், வராத கூட்டங்களிலும் அவர் ஆதரவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

1896ஆம் வருஷத்துப் போர்டு அறிக்கையில், பாலங்கள் என்ற தலைப்பின் கீழ், மிராசுதார் துறைப் பாலம் வேலை நடக்கிறது என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி: மிக்கேல்பட்டி, ஒன்று. வயது ஐம்பத்திரண்டு. நிலைமை நன்று. தோள் மூட்டுக்கு மாதம் ஒரு படி நல்லெண்ணெய் அனுமதிக்கப்படுகிறது. எண்ணெய் மாதா மாதம் முதல் தேதி சேவகர் கையில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அந்தப் போர்டில் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான். மதலேனாள் கையெழுத்துக்குப் பெருவிரல் உருட்டி வாங்கிக்கொண்டாள். கால் படியைக் கணவருடைய தோளில் தேய்த்தாள். மீதி முக்கால் படியில் பலகாரம் சுட்டாள்.